விலை குறைந்த சிலி மெர்லோவைச் சுவையாகக் குடிக்க

வேலைக்காக சிலியின் தலைநகர் சாந்தியாகோ வந்த முதல் ஜனவரி. இங்கே அது கோடை, வெயில் 30 டிகிரியைத் தாண்டும். மென்மையாக, பழச்சுவையோடு இருக்கும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதை நம்பி மெர்லோ என்ற திராட்சை ரகத்தில் செய்த சிவப்பு ஒயின் ஒன்று வாங்கினேன். மேஜையில் இருந்ததை அப்படியே ஊற்றிக் குடித்தேன். மூக்கில் சாராய நெடி, தொண்டையில் எரிச்சல். அந்தக் குறையை எப்படித் தீர்த்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

படி 1: வாங்குவது

இரண்டு மூன்று வருடத்துக்குள் அறுவடையான பாட்டிலாகப் பாருங்கள். இந்த விலை ஒயின் வைத்திருந்து குடிப்பதற்கானது அல்ல. லேபிளில் 'வாயே சென்ட்ரால்' (மத்தியப் பள்ளத்தாக்கு) என்றிருந்தால் மைப்போ முதல் மௌலே வரையான பெரிய பகுதியின் திராட்சை. தினப்படிக்கு அது போதும். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் கொல்சாகுவா பள்ளத்தாக்கு என் தேர்வு. லேபிளில் 'கிரான் ரெசெர்வா' என்றிருப்பது வேண்டாம். பெரும்பாலும் ஓக் பீப்பாய் வாசம் பழத்தை அமுக்கிவிடும். திருகு மூடி மலிவின் அடையாளம் என்று ஒதுக்காதீர்கள், எனக்கு அதுதான் பிடிக்கும்.

படி 2: குளிர வைப்பது

நான் தவறியது இங்கேதான். வெயில் சூட்டிலேயே குடித்ததால்தான் அந்தச் சாராய நெடி. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது குளிர்நாட்டுப் பழைய வீடுகளுக்குச் சொன்னது. நமக்கு வேண்டியது 16 டிகிரி அளவு. முதலில் பாட்டிலை வெறும் ஐஸ் கட்டிக்குள் செருகிப் பார்த்தேன், சரியாகக் குளிரவில்லை. கட்டிகளுக்கு நடுவே இருப்பது காற்றுதானே. வாளியில் ஐஸோடு தண்ணீரும் ஊற்றுங்கள், பாட்டில் கழுத்துவரை முழுகட்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். ஃபிரிட்ஜ் என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும். தொட்டால் மண்பானைத் தண்ணீரைவிடச் சற்றே கூடுதல் குளிர்ச்சி, அதுதான் பதம். அதற்கு மேல் குளிர்ந்தால் பழம் மறைந்து துவர்ப்பு மட்டும் நிற்கும்.

படி 3: ஊற்றுவது

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிச் சுழற்றி முகருங்கள். பிளம்ஸ், நன்கு கனிந்த நாவல்பழம் நினைவுக்கு வரும். கூடவே எம்பனாடா (சோமாசி போலப் பூரணம் வைத்த பண்டம்) இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே இருக்கும் மாட்டிறைச்சி, வெங்காயம், உலர்திராட்சைக்கு இந்த ஒயின் அப்படிப் பொருந்தும்.

பின்சேர்க்கை: குடைமிளகாய் வாசம் வருகிறது, கெட்டுவிட்டதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கெடவில்லை. சிலியில் மெர்லோ என்று வளர்த்த கொடிகளில் பல உண்மையில் கார்மெனேர் என்ற வேறு திராட்சை என்று 1994-ல் பிரெஞ்சுத் திராட்சை வல்லுநர் ஜான் மிஷெல் பூர்சிகோ கண்டுபிடித்தார். பிரான்ஸின் போர்தோவில் ஃபிலாக்சரா பூச்சியால் ஏறக்குறைய அழிந்துபோன ரகம் அது. மெர்லோவுக்குச் சில வாரம் கழித்தே பழுக்கும். இரண்டையும் சேர்த்துப் பறித்தால் பழுக்காத கார்மெனேரிலிருந்து அந்தப் பச்சை வாசம் வரும். இப்போது கார்மெனேர் என்றே தனியாக விற்கிறார்கள். அதையும் வாங்கிப் பாருங்கள், எனக்கு மெர்லோவைவிட அதன் மேல்தான் ஆசை.

இன்னொன்று: அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைத்து மறந்த ஒருவருக்கு கார்க் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. வாளித் தண்ணீரே நல்லது. மீந்த ஒயினை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும்; குடிக்க அரை மணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள்.