சொந்த இணையதளம் எதற்கு? தொடங்குவது எப்படி?

2014 செப்டம்பர் 30-ஆம் தேதி ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தை கூகுள் இழுத்து மூடியது. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸும் போயிற்று. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கிலும் ஹெலோவிலும் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். சொந்தத் தளம் வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். லைக் எண்ணாமல் எழுதலாம் என்பது உபரி லாபம்.

முதல் படி: பெயர்

டாட் காம், டாட் இன் எதுவானாலும் சரி. டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, நிரந்தரமாக வாங்க முடியாது. ஆண்டுக் கட்டணம் கட்டித்தான் வைத்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 10 ஆண்டு வரை கட்டலாம். கவனிக்க வேண்டியது பதிவுதாரர் விவரம். தளம் அமைத்துத் தரும் தம்பி, "நான் பாத்துக்கிறேண்ணே" என்று தன் மின்னஞ்சலிலேயே பதிந்துவிடுவது சகஜம். பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லும் அஞ்சல் உங்களுக்கு வராது. கெடு தாண்டினால் அந்தப் பெயரை வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம். பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும்.

இரண்டாம் படி: பக்கம்

நோட்பேடே போதும். பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியில் தலைப்புக்கு எச்1, பத்திக்கு பி என்ற இரண்டு டேக்கை (அடையாளக் குறியை) வைத்தே எழுத ஆரம்பிக்கலாம். கோப்பின் தொடக்கத்தில் வரும் ஹெட் பகுதியில் கேரக்டர் செட் (எழுத்துக் குறியீட்டு முறை) யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால் தமிழெழுத்து பூச்சி பூச்சியாகத் தெரியக்கூடும். கோப்புக்கு இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் பெயர் வைத்து, 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்து சேமியுங்கள். இல்லாவிட்டால் நோட்பேட் வாலில் ஒரு டிஎக்ஸ்டியை ஒட்டிவிடும்.

மூன்றாம் படி: ஏற்றுவது

கோப்புகளை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப்பின் பேஜஸ் சேவையில் 1 ஜிபி வரையிலான தளத்தை இலவசமாக வைக்கலாம். கணக்குத் தொடங்கி, உங்கள் பயனர்பெயருடன் 'டாட் கிட்ஹப் டாட் ஐஓ' சேர்த்த பெயரில் பப்ளிக் ரெப்போசிட்டரி (எல்லோரும் பார்க்கக்கூடிய கோப்புக் கிடங்கு) ஒன்றை உருவாக்கி, கோப்பை அதில் ஏற்றுங்கள். செட்டிங்ஸில் பேஜஸ் பகுதிக்குப் போய், மூன்று டபிள்யூ சேர்த்து உங்கள் டொமைனைக் கொடுங்கள். டொமைன் வாங்கிய இடத்தில் அதே டபிள்யூ முகவரிக்கு ஒரு சிநேம் பதிவு (ஒரு முகவரியை இன்னொன்றுக்குக் கைகாட்டும் டிஎன்எஸ் குறிப்பு) போட்டு, கிட்ஹப் முகவரியைக் காட்டுங்கள். உடனே திறக்கவில்லை என்று பதற வேண்டாம். ஒரு நாள்கூட ஆகலாம். திறந்ததும், பாதுகாப்பான இணைப்புக்காக அதே பேஜஸ் பகுதியில் 'என்ஃபோர்ஸ் எச்டிடிபிஎஸ்' டிக் செய்யுங்கள்.

நாளைக்கு கிட்ஹப்பும் கைவிரித்தால்? கணினியில் இருக்கும் அதே ஃபோல்டரை வேறு சர்வரில் ஏற்றி, டிஎன்எஸ் பதிவை மட்டும் மாற்றினால் போதும். படிக்கிறவர்கள் பழைய முகவரிக்கே வருவார்கள். அதனால் ஃபோல்டருக்கு ஒரு நகலை பென்டிரைவிலும் போட்டு வையுங்கள்.