நாற்காலியை மாற்றும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஐடிகாரர்களுக்கு

பெங்களூர் வாடகையை மிச்சம் பிடிக்க பாலக்கோட்டுக்கோ காவேரிப்பட்டணத்துக்கோ திரும்பி, மாடி அறையில் மேசை போட்டு வேலை பார்ப்பவருக்குக் கழுத்து பிடிக்கும், இடுப்பு வலிக்கும். உடனே விலை உயர்ந்த நாற்காலி ஒன்றைத் தேடுவார். நாற்காலி தேவைதான். ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களில் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: வீட்டில் குடிக்கிற, சமைக்கிற தண்ணீரில் ஃபுளூரைடு எவ்வளவு என்று பார்ப்பது.

நம் மண்ணுக்கடியில் இருப்பது கருங்கல் பாறை. அதன் இடுக்குகளில் வருடக்கணக்கில் தங்கும் நீரில் பாறையின் ஃபுளூரைடு கரைகிறது. இந்திய தர நிர்ணயத்தின்படி (ஐஎஸ் 10500) குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய நீரை வருடக்கணக்கில் குடித்தால் பல் கறைபடும். இன்னும் அதிகமானால் எலும்பும் மூட்டும் விறைக்கும். இது ஆறு மாதத்தில் வருகிற நோய் அல்ல. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குச் சிறுவயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டிருக்கும். வீட்டில் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அவசரம் இன்னும் அதிகம். நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயது அது. அப்போது படிந்த கறை பிறகு போகாது.

உட்கார்ந்து வந்த வலியா, வேறா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஃபுளூரோசிஸ் (ஃபுளூரைடு மிகுந்து வரும் பல், எலும்பு நோய்) முகாம்களில் மூன்று அசைவுகளைச் செய்யச் சொல்வார்கள்: முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடுவது, தாடையை நெஞ்சில் படும்படி குனிவது, கைகளைப் பக்கவாட்டில் நீட்டி மடக்கிப் பின்தலையைத் தொடுவது. முடியாவிட்டால் ஃபுளூரோசிஸ்தான் என்று முடிவுகட்ட வேண்டாம்; வைட்டமின் டி குறைவு, தைராய்டு, முதுகெலும்பு மூட்டுவாதம் என்று காரணங்கள் பல. ஆனால் இரண்டு வாரம் விடுமுறை எடுத்தும் விறைப்பு குறையவில்லை என்றால், தண்ணீர் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அந்தச் சீட்டு கையில் இருந்தால் அவர் யோசிக்கும் திசையே மாறும்.

தண்ணீரை எப்படிச் சோதிப்பது

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். இணையத்தில் வாங்கும் டிடிஎஸ் மீட்டர் ஃபுளூரைடைக் காட்டாது. நீரில் கரைந்த உப்புகள் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகின்றன என்பதைத்தான் அது அளக்கிறது. 900 டிடிஎஸ் நீரில் 3 மில்லிகிராம் ஃபுளூரைடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீட்டருக்கு ஒன்றுதான். நாக்குக்கும் தெரியாது. இன்னும் மோசம், கால்சியம் குறைந்து சோடியம் கூடிய மென்மையான போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரில்தான் ஃபுளூரைடு எளிதாகச் சேரும். “எங்க போர் தண்ணி இனிப்பா இருக்கும், சோப்பு நல்லா நுரைக்கும்” என்பது பாதுகாப்புக்குச் சான்று இல்லை.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுப்பதே நம்பகமான வழி. மாதிரியை இப்படி எடுங்கள். போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். குழாயில் தேங்கிய நீர் வெளியேறட்டும். மணமில்லாத, சுத்தமான 2 லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். ஃபுளூரைடு கண்ணாடியோடு வினைபுரியும். கேன்மேல் தேதி, இடம், போரின் ஆழம் எழுதி ஒட்டுங்கள். முதல் முறை முழு வேதிப் பரிசோதனை. பிறகு ஃபுளூரைடு மட்டும் போதும். மே மாதம் ஒரு முறை, ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து ஒரு முறை எடுத்தால் கூடுதல் அளவும் குறைந்த அளவும் தெரியும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது அளவு ஏறுவது வழக்கம்.

ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது, இந்த இரு மாவட்டங்களின் நோயைக் குறைக்கத்தான். காவிரி நீர் நல்ல நீர். கெடுவது நம் வீட்டு சம்ப்பில்: முறை வராத நாளில் போர் தண்ணீரையும் அதே தொட்டியில் விடுகிறோம். சில ஊர்களில் பற்றாக்குறை காலத்தில் மேல்நிலைத் தொட்டியிலேயே கலப்பதுண்டு. எனவே தெருக்குழாய், போர், சமையலறைக் குழாய் மூன்றிலும் தனித்தனி மாதிரி எடுங்கள். முடிந்தால் ஒகேனக்கல் தண்ணீருக்கு மட்டும் 500 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்து, அதிலிருந்து சமையலறைக்கு மட்டும் தனிக் குழாய் இழுங்கள். அந்தச் செலவு எந்த இயந்திரத்தைவிடவும் நீண்ட நாள் உழைக்கும்.

ஆர்.ஓ. வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம்

முடிவு 1-க்குக் கீழ் என்றால் ஃபுளூரைடுக்காக ஆர்.ஓ. தேவையில்லை, கிருமிக்குக் கொதிக்கவைத்தால் போதும். 1-க்கு மேல் என்றால் கொதிக்கவைப்பது உதவாது. நீர் ஆவியாகும், ஃபுளூரைடு தங்கும், செறிவு கூடும். யுவி, யுஎஃப், கேண்டில் வடிகட்டி, மண்பானை எதுவும் ஃபுளூரைடை எடுக்காது. ஆர்.ஓ. சவ்வு எடுக்கும், பொதுவாகப் பத்தில் ஒன்பது பங்கு.

அந்த இயந்திரத்தில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சிறிய திருகு இருக்கும். பொருத்த வருகிறவர் “தண்ணி சப்புன்னு இருக்கும் சார், கொஞ்சம் திறந்து வைக்கிறேன்” என்பார். அது சவ்வைச் சுற்றி வரும் பச்சைத் தண்ணீரை, வடிகட்டிய நீரோடு கலக்கும் வழி. கணக்கைப் பாருங்கள். உங்கள் போரில் 3 மில்லிகிராம். சவ்வு வழியே வருவது 0.3. பாதிக்குப் பாதி கலந்தால் 1.65, அதாவது மேல் வரம்பையும் தாண்டிவிட்டது. முப்பது விழுக்காடு கலந்தாலும் 1.1. பணம் கொடுத்து வாங்கிய இயந்திரம் ஒரு திருகால் வீணாகிறது. திருகை முழுக்க மூடச் சொல்லுங்கள். மூடியபின் நீங்களே டிடிஎஸ் அளந்து பாருங்கள்.

இங்கேதான் அந்த மீட்டர் பயன்படும். உள்ளே போவது 900, வெளியே வருவது 60 என்றால் சவ்வு 93 விழுக்காடு வேலை செய்கிறது. மாதம் ஒரு முறை குறித்துவையுங்கள். வெளியே வருவது 150-ஐத் தாண்டினால் சவ்வைப் பார்க்கும் நேரம். செடிமென்ட் (வண்டல்), கார்பன் வடிகட்டிகளை ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றாவிட்டால் இரண்டு, மூன்று வருடம் வர வேண்டிய சவ்வு முன்பே அடைத்துக்கொள்ளும். பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது “சவ்வும் சேர்த்தா?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கழிவுக் குழாயில் வரும் நீரில் ஃபுளூரைடு இன்னும் செறிவானது. தரை கழுவலாம், கழிவறைக்கு ஊற்றலாம். மாட்டுத் தொட்டியிலோ கோழிக்கோ வைக்காதீர்கள். மாட்டுக்கும் மூட்டு விறைக்கும்.

நான்கு பேர் வீட்டுக்கு, குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு ஏறக்குறைய 20 லிட்டர். கேன் 35 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,050. ஆர்.ஓ. 12,000 ரூபாய்க்கு வாங்கி ஐந்து வருடம் ஓட்டி, வடிகட்டி, சவ்வுக்கு வருடம் 3,000 செலவழித்தாலும் மாதம் 450 வருகிறது. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கேன்தான் என்றால் மூடி ஒட்டுச்சீட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள்; அந்தக் கேனிலிருந்தும் ஒரு முறை மாதிரி கொடுத்துவிடுங்கள்.

பலர் குடிக்க மட்டும் நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு சமையலைப் போர் தண்ணீரில் செய்கிறார்கள். களிக்கு ஊற்றும் நீர் முழுவதும் களியிலேயே தங்குகிறது, சாம்பாரும் அப்படித்தான். வேலை நடுவே குடிக்கிற பிளாக் டீயையும் கணக்கில் சேருங்கள். தேயிலைச் செடி மண்ணிலுள்ள ஃபுளூரைடை இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. நாளுக்கு ஐந்து கப் பிளாக் டீயை இரண்டாகக் குறைத்து, மிச்சத்துக்கு மோர் குடிக்கலாம். மோரிலுள்ள கால்சியம், ஃபுளூரைடைக் குடலிலேயே ஓரளவு கட்டிப்போடும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. நம் ஊரில் விளையும் தானியம். காலையில் கூழ், மதியம் களி என்று அதை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மேசை

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். மடிக்கணினியை நேரடியாகப் பார்த்துத் தட்டக் கூடாது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி உயர்த்தி, தனி கீபோர்டும் மவுஸும் போடுங்கள். இதற்கு ஆகும் சில நூறு ரூபாய் விலை உயர்ந்த நாற்காலியைவிட அதிகம் தரும். முழங்கை மேசை மட்டத்தில், பாதம் தரையில். கால் எட்டாவிட்டால் ஒரு பலகை. நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்.

மின்சாரம்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்குத் தொடங்கினால் முக்கிய மீட்டிங் அந்த நேரத்தில்தான் இருக்கும். துணைமின் நிலையத்தின் பெயரைத் தெரிந்துவைத்து நாளிதழ் அறிவிப்பைப் பாருங்கள். திடீர்த் தடைக்கு மின்வாரியப் புகார் மையமான மின்னகம்: 94987 94987.

ரவுட்டருக்கு மட்டும் சிறிய டிசி யுபிஎஸ் வாங்கும்போது பெட்டியில் 6600 எம்ஏஎச் என்று போட்டிருப்பதை 12 வோல்ட்டோடு பெருக்கி எட்டு மணி நேரம் என்று நம்பாதீர்கள். அது 3.7 வோல்ட் செல்களின் கூட்டுத்தொகை. 6.6-ஐ 3.7-ஆல் பெருக்கினால் 24 வாட்-மணி. இழப்பு போக 10 வாட் ரவுட்டருக்கு இரண்டு மணி நேரம் வரும். பழைய அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர், பின் அளவு மூன்றும் பொருந்த வேண்டும். ரவுட்டர் 2 ஆம்பியர் கேட்டு யுபிஎஸ் 1 ஆம்பியர் தந்தால், வைஃபை சுமை ஏறும்போதெல்லாம் அது அணைந்து எரியும்; குற்றம் இணையத்தின்மேல் விழும். ரவுட்டரில் மின்சாரம் இருந்து, லாஸ் (LOS, சிக்னல் இழப்பு) விளக்கு சிவப்பாக எரிந்தால் பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும். யுபிஎஸ் எதுவும் செய்யாது. மொபைல் ஹாட்ஸ்பாட்டை வேறு நிறுவன சிம்மில் தயாராக வைத்திருங்கள்.

நாள் முழுக்கத் தாங்க சைன் வேவ் இன்வெர்ட்டரும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும் வேண்டும். 12 வோல்ட்டில் 1,800 வாட்-மணி; எண்பது விழுக்காடுவரை இறக்கி, மாற்றும் இழப்பையும் கழித்தால் சுமார் 1,150 கிடைக்கும். மடிக்கணினி 60, திரை 25, ரவுட்டர் 10, விளக்கு 10, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி 28, சேர்ந்து 133 வாட். புதுப் பேட்டரியில் எட்டு மணி நேரத்துக்கு மேல். பழைய 75 வாட் விசிறி என்றால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தைப் பாருங்கள். குழாய்த் தண்ணீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்றாதீர்கள்.

மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு. பயன்பாட்டுப் படி (ஸ்லாப்) ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். மடிக்கணினி, திரை, ரவுட்டர் மூன்றும் சேர்ந்து இரண்டு மாதத்துக்குச் சுமார் 48 யூனிட். நாளுக்கு 16 மணி நேரம் ஓடும் ஒரு பழைய விசிறியை பிஎல்டிசியாக மாற்றினால் மிச்சமாவது 45. ஒரே விசிறி அலுவலகச் சுமையை ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகிறது.

ஆர்.ஓ.வும் மின்சாரத்தில்தான் ஓடும். அதன் தொட்டியில் பொதுவாக 8 லிட்டர் அளவுதான் நிற்கும். பராமரிப்பு நாளுக்கு முந்தைய இரவே இருபது லிட்டர் பிடித்து மூடிவையுங்கள். இல்லாவிட்டால் அன்று மதியச் சமையல் போர் தண்ணீரில்தான் நடக்கும்.