இருவாச்சி டூக்கான் அல்ல: டூக்கானைப் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வால்பாறை போய் வரும் நண்பர்களில் யாராவது ஒருவர் வருஷம் தவறாமல் எனக்கு ஒரு படம் அனுப்பிவிடுவார். சாலையோர அத்திமரம், அதில் மஞ்சள் அலகோடு ஒரு பெரிய பறவை, கீழே "டூக்கான் பார்த்தோம்!" என்று ஒரு வரி. படத்தில் இருப்பது பெரும் இருவாச்சி. அவர்களுடைய மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வராது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். போன மாதம் உறவினர் வீட்டுப் பிள்ளையின் பள்ளி நோட்டிலும் இதையே பார்த்தேன். 'தென் அமெரிக்கப் பறவை டூக்கான்' என்று வண்ணப் பேனாவில் தலைப்பு, அதன் கீழே அழகாக வெட்டி ஒட்டிய இருவாச்சிப் படம். ஆசிரியர் சரி போட்டு மதிப்பெண்ணும் கொடுத்திருந்தார்.

டூக்கான் பற்றி நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அலகைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. காலையோ வாலையோ கூட்டையோ உட்கார்ந்திருக்கும் மரத்தையோ யாரும் கவனிப்பதில்லை.

பெரிய அலகு இருந்தால் டூக்கானா?

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். டூக்கான்கள் இயற்கையாக வாழ்வது அமெரிக்கக் கண்டத்தில் மட்டும்தான். மெக்சிகோவின் தென்பகுதியில் தொடங்கி வடக்கு அர்ஜெண்டினா வரைக்கும் அவற்றின் எல்லை. ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ எந்தக் காட்டிலும் ஒரு டூக்கான்கூடக் கிடையாது. ஆகவே ஆனைமலையிலோ அருணாச்சலப் பிரதேசத்திலோ பெரிய அலகுள்ள பறவையைக் கண்டால் அது இருவாச்சிதான், சந்தேகமே வேண்டாம்.

படத்தை மட்டும் வைத்துப் பிரிப்பதும் சுலபம். பெரும் இருவாச்சியின் அலகுக்கு மேல் தொப்பி கவிழ்த்தது போல இன்னொரு புடைப்பு இருக்கும். எந்த டூக்கானுக்கும் அது கிடையாது. உருவத்திலும் பக்கத்தில் வைக்க முடியாது. பெரும் இருவாச்சி 3 கிலோவை ஒட்டி வரும். டூக்கான்களிலேயே பெரிய இனமான டோக்கோ டூக்கான் ஒரு கிலோவைக்கூடத் தொடாது. கால் தெரிந்தால் இன்னும் நல்லது. டூக்கானுக்கு இரண்டு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால். இருவாச்சிக்கு மூன்று முன்னால், ஒன்று பின்னால்.

கூடு கட்டும் விதத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இருவாச்சியில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு சிறு பிளவு வழியாக ஆண் உணவு ஊட்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்த கதை. அதைத் தூக்கி டூக்கான் தலையில் வைத்து எழுதிவிடுகிறார்கள். டூக்கானும் மரப்பொந்தில்தான் முட்டையிடுகிறது. ஆனால் வாசலை அடைப்பதில்லை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன. சுமார் 16 நாளில் குஞ்சு வந்துவிடும். அந்தக் குஞ்சுக்கு இறகும் இருக்காது, பெயர்போன அலகும் இருக்காது. அலகு முழு அளவுக்கு வளரப் பல மாதம் ஆகும்.

உறவு எங்கே இருக்கிறது

இந்த இரண்டையும் 'ஒரே குடும்பம்' என்று எழுதுவது அடுத்த தவறு. உறவு முறையில் இவை வெகு தூரம். இருவாச்சிக்குக் கிட்டத்துச் சொந்தம் கொண்டலாத்தி. பழைய நூல்களில் இருவாச்சியை மீன்கொத்தி, பனங்காடையோடு சேர்த்து வைத்திருப்பார்கள். இப்போது அது தனி வரிசை. டூக்கானோ மரங்கொத்திகளின் வரிசையைச் சேர்ந்தது. கிளை நுனியில் தொங்கும் பழத்தை நடுக்கிளையில் உட்கார்ந்தபடியே எட்டிப் பறிக்க வேண்டிய தேவை, இரண்டு கண்டங்களில் இரண்டு தனித்தனிப் பரம்பரைகளுக்கு வந்தது. இரண்டுக்கும் அலகு நீண்டது. சொந்தம் இல்லாதவர்கள் ஒரே வேலையைச் செய்து செய்து ஒரே சாயலுக்கு வந்த கதை இது.

அப்படியானால் நம் ஊரில் டூக்கானுக்கு உறவே இல்லையா? இருக்கிறது. அது உங்கள் தெருவிலேயே கூட இருக்கலாம். வெயில் ஏறும் நேரத்தில் ஆலமரத்திலிருந்தோ அரசமரத்திலிருந்தோ 'டொங்க்... டொங்க்... டொங்க்' என்று யாரோ செம்புப் பாத்திரத்தை விடாமல் தட்டுவது போலக் கேட்கிறதே, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் செம்மார்புக் குக்குறுவான். உள்ளங்கையில் அடங்கிவிடும் பச்சைப் பறவை. டூக்கான்களின் முன்னோர் அமெரிக்கக் குக்குறுவான்களின் கிளையிலிருந்து வந்தவர்கள். நம் குக்குறுவான்கள் அதே உறவின் ஆசியக் கிளை. அடுத்த முறை அதைப் பார்க்கக் கிடைத்தால் உடம்புக்கு ஏற்ற அளவைவிடக் கொஞ்சம் தடித்த அந்த அலகைக் கவனியுங்கள். அப்புறம் காலைப் பாருங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. மரப்பொந்துக் கூடு, அத்திப்பழ ஆசை, எல்லாம் அந்த வீட்டு வழக்கம்தான். எனக்கு இந்த விஷயம் தெரியவந்த நாளில் பக்கத்துத் தெரு ஆலமரத்தடியில் போய் அரை மணி நேரம் நின்றேன்.

டூக்கான் குடும்பத்துக்குள்ளும் ஒரு குழப்பம் உண்டு. கறுப்பு உடல், வெள்ளைக் கழுத்து, ஆரஞ்சு அலகு என்று ஒரே ஒரு உருவம்தான் நம் மனதில் இருக்கிறது. அது டோக்கோ மட்டும். மொத்தம் 5 பேரினங்கள், 40 இனங்களுக்குக் கொஞ்சம் முன்பின். எதைத் தனி இனமாகக் கொள்வது என்பதைப் பொறுத்து அந்தக் கணக்கு மாறும். லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட ராம்ஃபாஸ்டோஸ் பேரினத்தில்தான் பெரிய டூக்கான்கள் எல்லாம் வருகின்றன. ஒல்லியான உடலும் நீண்ட வாலும் கொண்ட அரசாரிகள் வேறு. இலைப்பச்சை நிறத்தில் இருக்கும் சிறிய டூக்கான் இனங்கள் வேறு. ஆண்டீஸ் மலையில் சாம்பல்நீல மார்போடு ஒரு வகை இருக்கிறது. 'டூக்கான்' என்ற பெயர் பிரேசிலின் டூப்பி மக்களின் மொழியிலிருந்து வந்தது.

அலகு கனம் என்று நினைப்பது

பாவம், இவ்வளவு பெரிய அலகைச் சுமந்துகொண்டு எப்படிப் பறக்கிறதோ என்று கேட்காத ஆளில்லை. டோக்கோவின் அலகு உடல் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எடையிலோ இருபதில் ஒரு பங்குதான். வெளியே நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின், மெல்லிய தகடுகளாக ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்தது போல. உள்ளே எலும்பு இழைகள் கடற்பஞ்சு மாதிரி வலை பின்னியிருக்கின்றன. இழைகளுக்கு நடுவில் காற்று. பார்க்கத்தான் வாள் மாதிரி. சண்டைக்கு ஓங்கி அடிக்கும் ஆயுதமாக அதை வர்ணிப்பது சரியில்லை.

சரி, அழகு காட்டவா? டார்வினே 1871-இல் அப்படித்தான் கருதினார், துணையைக் கவரும் வண்ணத்துக்காக அலகு பெருத்திருக்கலாம் என்று. ஆனால் டூக்கான்களில் பெரும்பாலான இனங்களில் ஆணும் பெண்ணும் ஒரே நிறம். ஆணின் அலகு சற்று நீளம், அவ்வளவுதான். மயிலை நினைத்துக்கொண்டு 'வண்ணமாக இருப்பது ஆண்' என்று எழுதிவிடக் கூடாது. செலெனிடெரா என்ற பேரினத்திலோ ஆண் பெண் நிறம் தெளிவாக வேறுபடும்.

2009-இல் பிரேசில், கனடா ஆய்வாளர்கள் டோக்கோ டூக்கானை வெப்பக் கேமராவில் படமெடுத்தார்கள். சூடு ஏற ஏற அலகு மட்டும் விளக்கு ஏற்றினாற்போலத் திரையில் ஒளிர்ந்தது. அலகின் மேற்பரப்பை ஒட்டி ரத்த நாளங்கள் ஓடுகின்றன. வெக்கையில் பறவை அவற்றைத் திறந்துவிட்டு உடல் சூட்டை வெளியே தள்ளுகிறது. குளிரில் சுருக்கிக்கொள்கிறது. யானைக்குக் காது செய்கிற வேலையை டூக்கானுக்கு அலகு செய்கிறது. ஆகவே அலகை உயிரில்லாத கொம்பாக நினைக்காதீர்கள்.

கோஸ்டாரிகாவில் 2015-இல் சிலர் ஒரு டூக்கானை அடித்ததில் அதன் மேல் அலகு பாதிக்கு மேல் உடைந்துபோனது. கிரேசியா என்று பேர் வைத்து அதைக் காப்பாற்றினார்கள். முப்பரிமாண அச்சில் செயற்கை அலகு செய்து மறு வருஷம் பொருத்தினார்கள். அலகு உடைந்த அந்தப் பறவையின் படத்தைப் பார்த்து நாடே கொதித்தது. 2017-இல் அங்கே விலங்கு வதைக்கு எதிரான கடுமையான சட்டம் வந்ததில் அந்த ஒரு பறவைக்கும் பங்குண்டு.

தூங்கும்போது அலகை என்ன செய்யும் என்று குழந்தைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. டூக்கான் தலையைத் திருப்பி அலகை முதுகின் மேல் கிடத்திக்கொள்ளும். பிறகு வாலை முன்பக்கமாக மடக்கித் தலைமேல் போர்த்திக்கொள்ளும். அதற்காகவே வாலடி எலும்பில் பந்துக்கிண்ண மூட்டு மாதிரி ஒரு அமைப்பு இருக்கிறது. தூங்கும் டூக்கானைப் பார்த்தால் யாரோ இறகைச் சுருட்டிக் கிளையில் வைத்தது போல இருக்கும். அரசாரிகள் ஐந்தாறு சேர்ந்து ஒரே பொந்தில் இப்படி மடங்கித் தூங்கும்.

அமேசான் மட்டுமா?

நம் மனதில் பதிந்த டோக்கோ படத்துக்குப் பின்னால் எப்போதும் அடர்ந்த அமேசான் காடு வரைந்திருப்பார்கள். உண்மையில் டோக்கோவுக்கு அடர்காடு அவ்வளவாகப் பிடிக்காது. செர்ராடோ எனப்படும் பிரேசிலின் மரம் கலந்த புல்வெளி, பந்தனால் சதுப்புநிலம், ஆற்றோரத் தோப்பு, தோட்டங்கள் என்று வெட்டவெளியில் திரியும் பறவை அது. அமேசானின் உள்ளே இருப்பவை வேறு இனங்கள். இன்னொரு பக்கம், டூக்கான் என்றாலே வெப்பமண்டலத் தாழ்நிலம் என்று எழுதுகிறார்கள். ஆண்டிஜெனா பேரினத்து மலை டூக்கான்கள் ஆண்டீஸில் 3,000 மீட்டருக்கு மேலேயும் மேகமும் குளிரும் படிந்த காடுகளில் வாழ்கின்றன. நம் தொட்டபெட்டாவைவிட உயரம்.

பிரேசிலின் தேசியப் பறவை டூக்கான் என்று பொது அறிவுக் கேள்விகளில் வருவதைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. பிரேசிலுக்கு ஆரஞ்சு வயிற்றுப் பூங்குருவி. டூக்கானைத் தேசியப் பறவையாக வைத்திருப்பது பெலீஸ்.

மேற்கு அமேசானில் படத்தை வைத்து இனம் சொல்வது பறவை பார்ப்பவர்களுக்கே சவால். அங்கே இரண்டு பெரிய டூக்கான்கள் கிட்டத்தட்ட அச்சுக்கு அச்சு ஒன்றாக இருக்கும். வாயைத் திறந்தால்தான் தெரியும். ஒன்று நாய்க்குட்டி கத்துவது போலக் குரல் கொடுக்கும். மற்றது தவளை போலக் கரகரக்கும். அதனால் படம் கிடைத்தவுடன் உறுதியாக ஒரு பெயரை எழுதிவிடாதீர்கள். கணினி உருவாக்கித் தரும் படங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். டூக்கான் அலகின்மேல் இருவாச்சித் தொப்பி, மூன்று முன்விரல், பின்னால் தென்னை மரம் என்று எல்லாம் கலந்து வருகின்றன. குழந்தைகளுக்கான பாடக்குறிப்பில் அவற்றைச் சேர்ப்பதற்கு முன் காலையும் அலகின் மேல்பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். டூக்கானின் உடல் உணவிலுள்ள இரும்புச்சத்தை ஈரலில் சேர்த்துவைத்துக்கொள்ளும். அது அளவு மீறி வரும் நோயாலேயே கூண்டில் இருக்கும் பறவைகள் பல சாகின்றன. பழம்தானே என்று ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தால் அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை இன்னும் இழுக்கும். பல டூக்கான் இனங்களின் வணிகம், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. அந்தப் பட்டியலில் உள்ள உயிரை இந்தியாவில் வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தே ஆக வேண்டும்.

பழம் தின்னும் சாது

கடைசியாக உணவு. டூக்கான் பழந்தின்னிதான். அலகின் நுனியில் பழத்தை நாசூக்காகப் பிடித்து, தலையைப் பின்னால் ஒரு வெட்டு வெட்டி, தொண்டைக்குள் போட்டுக்கொள்ளும். கொட்டையைப் பிறகு வேறெங்கோ துப்பும், அல்லது எச்சத்தில் விடும். பிரேசிலின் அட்லாண்டிக் காடுகளில் டூக்கான் போன்ற பெரிய பறவைகள் அழிந்த இடங்களில் ஜுசாரா பனையின் விதைகளே சிறுத்துவிட்டன என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. பெரிய விதையை விழுங்கிக் கொண்டுபோக ஆளில்லை.

ஆனால் அதைச் சைவமாக்கிவிட வேண்டாம். பூச்சி, பல்லி, அடுத்த பறவையின் முட்டை, குஞ்சு எல்லாம் அதற்கு உணவு. பந்தனாலில் இதற்குக் கண்முன் சாட்சி இருக்கிறது. அங்கே வாழும் நீலப் பெருங்கிளி உலகிலேயே நீளமான கிளி. அது பெரும்பாலும் மந்துவி என்ற ஒரே மரத்தின் பொந்தில்தான் கூடு வைக்கும். டோக்கோ டூக்கான் அந்தப் பொந்துக்குள் நீண்ட அலகை விட்டு முட்டையை எடுத்துத் தின்கிறது. முட்டை இழப்பில் பெரும்பங்கு இதன் கணக்கில்தான். அப்படியானால் டூக்கானை விரட்டிவிடலாமே என்று தோன்றும். ஆய்வாளர்கள் மந்துவி விதைகளைப் பரப்புவது யார் என்று தேடிப் பார்த்தபோது அங்கேயும் முதலிடத்தில் இருந்தது டோக்கோவேதான். மந்துவி மரத்தில் கிளி நுழையும் அளவுக்குப் பொந்து விழ சுமார் 60 வருஷம் ஆகும். இன்று ஒரு கிளி ஜோடி முட்டையைப் பறிகொடுத்துக் கத்திக்கொண்டிருக்கும் அந்த மரம், இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஏதோ ஒரு டோக்கோ விழுங்கிக் கொண்டுவந்து போட்ட விதையாக இருக்கலாம்.