ஒழுகுகிற சேஃப்டி வால்வின் வாயை அடைக்காதீர்கள்

போன ஐப்பசியில் கிணத்துக்கடவு பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு வேலையாகப் போயிருந்தேன். மோட்டார் ரூம் மூலையில் நீல நிறத்தில் ஒரு பிரஷர் டேங்க். போர் தண்ணீரை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றாமல், நேராக அந்த டேங்கில் அழுத்தத்தோடு நிறுத்தி வைத்து வீட்டுக் குழாய்களுக்கு விடுகிற ஏற்பாடு. டேங்குக்குப் போகும் பைப்பில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை சேஃப்டி வால்வு இருந்தது. அதன் வாயில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி ஒரு பிளக்கை இறுக்கியிருந்தார்கள். பிளக்கின் மரையைச் சுற்றிலும் உப்பு பூத்து வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"சொட்டிக்கிட்டே இருந்துச்சுங்க. ரூம் பூரா ஈரம். அதான் பைப்பு வேலை செய்யற தம்பி அடைச்சுட்டுப் போச்சு" என்றார் அந்த வீட்டு அம்மா. அடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்திலிருந்த பிரஷர் கேஜில் முள் 3 கிலோ அழுத்தத்தில் நின்றது. மோட்டாரை நிறுத்தி, குழாயைத் திறந்து, தண்ணீர் முழுவதும் வடியும்வரை காத்திருந்தேன். அப்போதும் முள் அதே 3-ல்தான் இருந்தது. ஆக, அழுத்தம் ஏறினால் வெளியேற்றும் வழியும் இல்லை, ஏறுவதைக் காட்டும் கருவியும் இல்லை. அந்த ரூமில்தான் பேரன் சைக்கிளை நிறுத்துவான்.

இந்தத் தவறை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். செய்கிறவர்கள் யாரும் பொறுப்பில்லாதவர்கள் இல்லை. ஒழுகினால் அடைப்பது நம் கை வழக்கம். குழாய் ஒழுகினால் அது சரியான வைத்தியம். சேஃப்டி வால்வு ஒழுகினால் அதுவே ஆபத்து.

குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிட் தூக்கி ஆவி வெளியேறுகிறது; அது அடைபட்டால் மூடியில் இருக்கும் சேஃப்டி பிளக் உருகி வழிவிடுகிறது. டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டனில் குக்கரின் முன்னோடியைக் காட்டினார். எடை வைத்த சேஃப்டி வால்வும் அவர் கைவேலைதான். மோட்டார் ரூமில் இருப்பது அதே யோசனை, எடைக்குப் பதிலாக ஸ்பிரிங். குக்கர் விசிலை எம்-சீல் வைத்து யாராவது அடைப்பார்களா?

டேங்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் தானே விளங்கும். பைப்பு வேலையில் அழுத்தத்தை நாம் 'கிலோ' என்று சொல்கிறோம். 1 கிலோ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேல் 1 கிலோ எடை அழுத்துவது. ஏறக்குறைய 33 அடி உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள டேங்கின் மேல்மூடி 1,250 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். 3 கிலோவில் அந்த மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை கிட்டத்தட்ட 3.8 டன். வளர்ந்த ஆண் யானை ஒன்றின் எடை. 9 கிலோ ஆனால் 11 டன்னைத் தாண்டும்.

தண்ணீர் மட்டும் இருந்தால் டேங்க் விரிந்து கீறல் விட்டு ஒழுகும், அதோடு சரி. ஏனென்றால் தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆனால் பிரஷர் டேங்குக்குள் ஒரு ரப்பர் பை உண்டு; அதன் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. சுருங்கிய காற்று அழுத்திப் பிடித்த ஸ்பிரிங் மாதிரி. உலோகம் விட்டுக்கொடுக்கும் நொடியில் அது எல்லாவற்றையும் தூக்கி எறியும். துருப்பிடித்த பழைய டேங்காக இருந்தால், அதன் மேல் ஒட்டிய அட்டையில் எழுதியிருக்கும் அளவுக்கு முன்பே விட்டுக்கொடுக்கும்.

"பிரஷர் ஸ்விட்ச்தான் மோட்டாரை நிறுத்துமே" என்று கேட்பார்கள். நிறுத்த வேண்டும்தான். ஆனால் எத்தனை விதங்களில் அது நிறுத்தாமல் போகும் என்று பாருங்கள். ஸ்விட்சுக்கு அழுத்தத்தைக் கொண்டுபோகும் கால் அங்குல நிப்பிள் செங்காவியும் உப்பும் படிந்து அடைத்துக்கொள்ளும். ஸ்விட்சுக்கு அழுத்தம் ஏறியதே தெரியாது. மோட்டார் கரண்ட்டைத் தாங்கும் கான்டாக்டர் என்ற தனி ஸ்விட்சே வைக்காமல் ஒன்றரை ஹெச்பி மோட்டார் கரண்ட்டை ஸ்விட்ச் வழியாகவே ஓட்டினால், பாயிண்டுகள் தீப்பொறியில் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். மூடி சரியாகப் போடாத ஸ்விட்சுக்குள் எறும்பு கூடு வைக்கும், பல்லி மாட்டும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓடினால் எவ்வளவு ஏற்றும்? இங்கேதான் பலரும் கணக்குத் தவறுகிறார்கள். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது போருக்குள் இறக்கிய உங்கள் சப்மெர்சிபிள் மோட்டார் அதிகபட்சம் 400 அடிக்குத் தள்ளும் என்று வைத்துக்கொள்வோம். சித்திரையில் போரில் தண்ணீர் 300 அடியில் கிடக்கிறது. மேலே வந்து சேரும்போது மிச்சம் 100 அடி, அதாவது 3 கிலோ. ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டாலும் டேங்குக்கு ஒன்றும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் 100 அடிக்கு ஏறுகிறது. அதே மோட்டார், அதே ஸ்விட்ச், ஆனால் இப்போது மிச்சம் 300 அடி, 9 கிலோ. வீட்டு டேங்குகள் பலவும் 7 கிலோ வரைக்கும் என்று செய்யப்பட்டவை. "அஞ்சு வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலை" என்பது கோடையில் பார்த்த கணக்கு. மழைக்காலத்தில்தான் சேஃப்டி வால்வுக்கு உண்மையான வேலை வருகிறது.

வால்வை அடைப்பதற்கு அடுத்தபடியாக நான் அடிக்கடி பார்ப்பது, கையில் கிடைத்த வால்வை மாட்டுவது. கடையில் சேஃப்டி வால்வு என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள்; எத்தனை கிலோவில் திறக்கும் என்று நாம்தான் கேட்க வேண்டும். ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்தும் அளவுக்கு மேலேயும், டேங்கின் அட்டையில் போட்டிருக்கும் உச்ச அளவுக்குக் கீழேயும் அது திறக்க வேண்டும். ஸ்விட்ச் 4 கிலோவில் நிறுத்துகிறது, டேங்க் 7 கிலோ தாங்கும் என்றால், 5 கிலோவில் திறக்கும் வால்வு பொருத்தமாக இருக்கும். திறந்தபின் மோட்டார் தள்ளும் தண்ணீர் முழுவதையும் வெளியே விடும் அளவும் அதற்கு இருக்க வேண்டும். பெரிய மோட்டாருக்குச் சின்ன வால்வு போட்டால் அது திறந்திருக்கும்போதே அழுத்தம் ஏறிக்கொண்டு போகும்.

பொருத்தும் இடமும் முக்கியம். டேங்குக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவில் எந்த கேட் வால்வோ பால் வால்வோ இருக்கவே கூடாது. சர்வீஸுக்கு வசதி என்று வைத்துவிடுவார்கள். ஒரு நாள் யாரோ அதை மூடுவார்கள், திறக்க மறப்பார்கள். அப்புறம் நல்ல வால்வு இருந்தும் இல்லாத கதைதான்.

ஷவரில் தண்ணீர் வேகமாக வரவில்லை என்று பிரஷர் ஸ்விட்சின் நட்டைத் திருகி ஏற்றுகிறவர்களும் உண்டு. நிறுத்தும் அளவு வால்வு திறக்கும் அளவை நெருங்கியதும் வால்வு சொட்டத் தொடங்கும். பழி வால்வின் மேல் விழும், பிளக் வரும்.

சொட்டினால் எங்கே பார்ப்பது? முதலில் நல்ல கேஜ் ஒன்றை மாட்டி, மோட்டார் எந்த அளவில் நிற்கிறது என்று பாருங்கள். சரியான அளவில் நின்றும் சொட்டினால் வால்வின் இருக்கையில், அதாவது உள்மூடி வந்து உட்காரும் இடத்தில், மணலோ உப்போ சிக்கியிருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மோட்டார் நிமிஷத்துக்கு நாலு தடவை ஓடி ஓடி நின்று, முள் துள்ளினால், டேங்கில் காற்று போய்விட்டது என்று பொருள். காற்று என்ற மெத்தை இல்லாததால் ஒவ்வொரு முறையும் அழுத்தம் எகிறி வால்வைத் தட்டுகிறது.

காற்றைப் பார்ப்பது சைக்கிள் டியூபுக்குக் காற்றுப் பார்ப்பது போலத்தான், ஆனால் பலரும் டேங்கில் தண்ணீர் இருக்கும்போதே பார்த்துவிடுகிறார்கள். அப்போது தெரிவது தண்ணீரின் அழுத்தம். மோட்டாரை நிறுத்தி, தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, கார் டயருக்கு உள்ளதைப் போன்ற அந்த வாயில் கேஜை வையுங்கள். மோட்டார் தொடங்கும் அளவைவிட 2 பிஎஸ்ஐ குறைவாகக் காற்று இருக்க வேண்டும். 2 கிலோவில், அதாவது சுமார் 28 பிஎஸ்ஐயில் மோட்டார் தொடங்கினால் காற்று 26. அந்த வாயை அமுக்கும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது. பையை மாற்ற வேண்டும், அதற்கு வழியில்லாத வகையென்றால் டேங்கையே மாற்ற வேண்டும்.

வாங்கி மாட்டிய நாளோடு வால்வை மறந்துவிடுவதும் தவறுதான். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு, சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. பாத்திரத்தில் படியும் அதே வெள்ளை வால்வின் இருக்கையிலும் படிந்து அதை ஒட்ட வைத்துவிடும். லீவர் உள்ள வால்வானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லீவரைத் தூக்கி இரண்டு நொடி தண்ணீரை விட்டுப் பாருங்கள். பல வருஷம் தொடாத வால்வைத் தூக்கினால் திரும்ப மூடாமல் ஒழுகலாம். அதனால் புது வால்வு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். லீவர் அசையவே இல்லை என்றால் யோசிக்க வேண்டியதில்லை, மாற்றிவிடுங்கள்.

தோட்டத்து வீடு எல்லோருக்கும் இல்லை, கீசர் இருக்கிறது. அங்கே இதே தவறு இன்னும் மோசமானது. 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும்போது அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விரியும். கீசருக்குத் தண்ணீர் வரும் வழியில் திரும்பிப் போக விடாத என்ஆர்வி இருந்தால், விரியும் தண்ணீருக்குப் போக்கிடம் அந்த சேஃப்டி வால்வு ஒன்றுதான். அதனால்தான் மொட்டை மாடியில் என்ஆர்வியோடு பிரஷர் பம்பு போட்ட மறுநாளே "கீசர் ஒழுகுது" என்று போன் வரும். சூடாகும்போது நாலு சொட்டு விட்டு, ஆறியதும் நின்றால் அது நோய் இல்லை. ஈரம் தொந்தரவாக இருந்தால் குளிர்நீர் பைப்பில் விரிவைத் தாங்கும் சின்ன டேங்க் ஒன்று போடலாம். ஆறிய பிறகும் நிற்காமல் ஒழுகினால் வால்வை மாற்ற வேண்டும்.

அடைத்தால் என்ன ஆகும்? சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் அதற்குத் துணையான கட்-அவுட்டும் பழுதான ஒரு நாளில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடாகிக்கொண்டே போகும். 8 கிலோ அழுத்தத்தில் அது 170 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். டேங்க் கிழிந்த நொடியில் அழுத்தம் விழும், அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு உடனே ஆவியாகும். ஆவிக்குத் தண்ணீரைப் போல் 1,600 மடங்கு இடம் வேண்டும். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்பென்சர் என்ற ஊரில் ஸ்டார் தொடக்கப் பள்ளி இருந்தது. 1982 ஜனவரி 19 அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே சமையலறை வாட்டர் ஹீட்டர் வெடித்தது. 6 குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். சூட்டைக் கட்டுப்படுத்த வேண்டியதும் அழுத்தத்தை விட வேண்டியதும் சரியாக வேலை செய்யவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அந்தச் சாப்பாட்டு மேஜைகள் கண்ணில் வருகின்றன.

வால்வின் வாயிலிருந்து போகும் பைப்பையும் பாருங்கள். கீழ்நோக்கிச் சரிந்து, தரையிலிருந்து அரை அடி உயரத்தில், கண்ணில் படும்படி திறந்து முடிய வேண்டும். நடுவில் குழாய் கூடாது, நுனியில் மூடி கூடாது, வால்வின் வாயைவிடச் சின்ன பைப்பும் கூடாது. கீசருக்கு சாதாரண வெள்ளை பிவிசி வேண்டாம், சூட்டில் இளகிவிடும். சூடு தாங்கும் சிபிவிசியோ உலோகமோ போடுங்கள். குளிக்கும் குழந்தையின் தோளுக்கு நேராக அது நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் இப்போது ஒரு வால்வு அடைத்திருப்பதைக் கண்டால், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பிளக்கைக் கழற்றப் போகாதீர்கள். பிரஷர் டேங்க் என்றால் மெயினை அணைத்து, தூரத்தில் உள்ள ஒரு குழாயைத் திறந்து, தண்ணீர் முழுதும் நிற்கும்வரை விடுங்கள். கேஜை நம்ப வேண்டாம். கீசர் என்றால் பாத்ரூமுக்கு வெளியே உள்ள, அதன் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஓர் இரவு முழுக்க ஆற விடுங்கள். குழாயைத் திறந்தால் ஆவி சீறுகிறது, அல்லது கீசருக்குள் கடமுடவென்று சத்தம் கேட்கிறது என்றால் வால்வையோ குழாயையோ தொடாமல் எம்சிபியை மட்டும் அணைத்து வீட்டில் உள்ள எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். ஆறிய பிறகு ஆளைக் கூப்பிட்டால் போதும்.

கிணத்துக்கடவு வீட்டில் கேஜ், வால்வு இரண்டையும் மாற்றினேன். ஸ்விட்சின் நிப்பிளைக் கழற்றியபோது உள்ளே செங்காவி கெட்டியாக அடைத்திருந்தது, குண்டூசி நுழையவில்லை. வால்வின் பைப்பைச் சுவருக்கு வெளியே இறக்கி, கறிவேப்பிலைச் செடியின் அடியில் முடித்தேன். அந்த மண் காய்ந்தே இருக்க வேண்டும், ஈரம் தெரிந்தால் கூப்பிடுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். மார்கழியில் போன் வந்தது. "ஏனுங்க, மழையே இல்லை, கறிவேப்பிலைக்கு அடியில ஈரமா இருக்குதுங்க." போய்ப் பார்த்தால் டேங்கில் காற்று 11 பிஎஸ்ஐக்கு இறங்கியிருந்தது.