புரட்டாசி விடுமுறையில் கேப்டவுனா? பெரிய இத்தாலிய உணவகத்தில் தயங்காமல் சாப்பிடும் வழி

செப்டம்பர் கடைசியில் பள்ளிக்கு விடுமுறை விட்டதும் டர்பனிலிருந்து கேப்டவுனுக்குக் கிளம்பும் நம் குடும்பங்கள் நிறைய. அந்த நாட்கள் பெரும்பாலும் புரட்டாசியில்தான் வரும். வீட்டில் இருந்தால் கவலையில்லை. பருப்பு, புளிக்குழம்பு, காய்கறி பிரியாணி என்று மாதம் ஓடிவிடும். வெளியூரில் பிள்ளைகள், "ஒரு நாளாவது நல்ல இத்தாலிய ரெஸ்டாரண்டுக்குப் போகலாம்மா" என்று கேட்கும்போதுதான் பெரியவர்களுக்குத் தயக்கம். மெனுவில் பாதி புரியாது, எதில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் வேறு.

தாராளமாகக் கேளுங்கள். அங்கே நீங்கள் கொடுக்கும் காசில் பொறுமையாகப் பதில் சொல்வதற்கான கூலியும் அடங்கியிருக்கிறது. எதை, யாரிடம், எப்போது கேட்பது என்று தெரிந்துகொண்டால் போதும்.

1. முன்பதிவு

விடுமுறைக் காலத்தில் நேராகப் போய் நின்றால் மேசை கிடைப்பது கஷ்டம். டைன்பிளான் போன்ற தளத்திலோ போனிலோ முன்பே பதிவு செய்துவிடுங்கள். சில இடங்களில் முன்பணமோ கார்டு விவரமோ கேட்பார்கள். வராமல் போனால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

போன் செய்வதாக இருந்தால் மதியச் சாப்பாடு முடிந்து இரவு வேலை தொடங்காத நேரமாகப் பாருங்கள். மாலை நாலு மணிவாக்கில் பேசினால் சமையலறையில் விசாரித்துச் சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்கும். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். மீன் சாப்பிடுகிறவர்கள்கூட இங்கே தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதுண்டு. இறைச்சி, கோழி, மீன் மூன்றும் கூடாது, முட்டை சேரும் அல்லது சேராது என்று பிரித்துச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

2. உடை

சேலை, குர்தா, சட்டை பேண்ட் எதுவும் பொருந்தும். கடற்கரையிலிருந்து அப்படியே ஸ்லாப்ஸோடும் (ரப்பர் செருப்பு) ஷார்ட்ஸோடும் போகாமல் இருந்தால் சரி.

3. உட்கார்ந்ததும்

நாப்கினை மடியில் விரித்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி தண்ணீரைப் பற்றி வரும். ஸ்டில்லா (சாதா), ஸ்பார்க்ளிங்கா (காஸ் ஏற்றியது) என்பார்கள். இரண்டுமே பாட்டில் தண்ணீர், பில்லில் ஏறும். குழாய்த் தண்ணீர் போதும் என்றால் அதையே கேட்கலாம். கேப்டவுன் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் வந்தால், எண்ணெயைச் சின்னத் தட்டில் ஊற்றி, ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிடுங்கள். அதிலேயே வயிற்றை நிரப்பிவிட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

4. மெனுவைப் படிப்பது

முதலில் வருவது ஆன்டிபாஸ்டி, சின்னத் தொடக்கங்கள். அடுத்தது ப்ரீமி, அதாவது பாஸ்டா, ரிசோட்டோ என்ற குழைவான அரிசிச் சோறு, நியோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை. அதன்பின் செகோன்டி, இறைச்சியும் மீனும். கொன்டோர்னி என்பவை பக்கத்தில் வைத்துச் சாப்பிடும் காய்கறிகள். கடைசியில் டோல்ச்சி, இனிப்பு. எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நாலு பேருக்கு இரண்டு ஆன்டிபாஸ்டியைப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு ப்ரீமி எடுத்தால் வயிறு நிறையும். புரட்டாசிக்காரர்கள் செகோன்டி பக்கத்தை அப்படியே தாண்டிவிடலாம். அவர்களுக்கான விருந்து ப்ரீமியிலும் கொன்டோர்னியிலும்தான் இருக்கிறது.

விலைக்குப் பதிலாக எஸ்.க்யூ. என்று போட்டிருந்தால் அன்றைய விலை என்று அர்த்தம். பெரும்பாலும் மீன், கிரேஃபிஷ் (சிங்கி இறால்) பக்கத்தில் இருக்கும். கேட்காமல் ஆர்டர் செய்யாதீர்கள்.

இத்தாலியர்களுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பழைய தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பல்லாயிரம் இத்தாலியக் கைதிகளை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அவர்கள் கல்லால் கட்டிய தேவாலயம் இன்னும் நிற்கிறது. பார்ல் பக்கம் டு டாய்ட்ஸ்க்லூஃப் மலைப்பாதையிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. போர் முடிந்தபின் சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

5. சைவம்தானா? இங்கேதான் நிறையக் கேட்க வேண்டும்

தக்காளி சாஸ், காய்கறி என்று பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இத்தாலியச் சமையலில் இறைச்சியும் மீனும் கண்ணுக்குத் தெரியாமல் ருசிக்காகக் கரைந்திருக்கும். ரிசோட்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்னரோலி அல்லது ஆர்போரியோ அரிசியை வெங்காயத்தோடு வெண்ணெயில் வதக்கி, சூடான ஸ்டாக்கை, அதாவது இறைச்சியோ காய்கறியோ வேகவைத்து வடித்த சாற்றை, கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுவார்கள். கிட்டத்தட்ட 18 நிமிடம் அந்த அரிசி குடிப்பது முழுக்க ஸ்டாக்தான். பல சமையலறைகளில் அது கோழி ஸ்டாக். மேலே காளான் மட்டும்தான் தெரியும். அதனால் "இதில் என்ன ஸ்டாக்?" என்று கேளுங்கள். ரிசோட்டோவை அப்போதைக்கப்போது செய்கிற இடமாக இருந்தால் காய்கறி ஸ்டாக்கில் செய்துதரச் சொல்லலாம்.

மினஸ்ட்ரோனே சூப்பிலும் இதே கதைதான். எங்கள் ஆயாவுக்கு (பாட்டிக்கு) அதில் கிடக்கும் பீன்ஸ் ரொம்பப் பிடிக்கும். ஒரு புரட்டாசியில் மெனுவில் பார்த்ததும் அதுதான் வேண்டும் என்றார். பரிமாறிய பையனிடம் நான் கேட்டேன். அவன் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "பன்றி இறைச்சி போட்டுத்தான் தாளித்திருக்கிறார்கள், மேடம்" என்றான். ஆயா என் பக்கம் குனிந்து, "நல்ல பிள்ளை, போய்க் கேட்டுட்டு வந்து சொல்றான் பாரு" என்றார். தக்காளி, பீன்ஸ், பேசில் போட்டுத் தனியாக ஒரு கிண்ணம் செய்து அனுப்பினார்கள். ஆயா சூப்பை முடித்துவிட்டு, மிச்சத்தை ரொட்டியால் துடைத்தும் சாப்பிட்டார். சாஸை ரொட்டியால் துடைப்பது இத்தாலிய வீடுகளில் சகஜம், கூச்சப்பட வேண்டாம்.

புட்டனெஸ்கா சாஸிலும் சீஸர் சாலட்டின் டிரெஸ்ஸிங்கிலும் நெத்திலி மாதிரியான ஆஞ்சோவி மீன் இருக்கும். கார்போனாரா பாஸ்டாவில் பன்றி இறைச்சி இல்லாமல் இருக்காது. போலோன்யேஸ் ராகு என்ற இறைச்சி சாஸும் லசான்யாவும் பெரும்பாலும் மாட்டிறைச்சி, விரதம் இல்லாத மாதத்திலும் நம்மில் பலர் தொடாதது.

சீஸ் விஷயத்தை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவை (பார்மேசன் சீஸை) கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் போட்டுத்தான் உறைய வைக்க வேண்டும் என்பது விதி. பெகொரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னட். கண்டிப்பாக விரதம் இருப்பவர்கள் "பார்மேசன் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்டோ சாஸில் அது முன்பே அரைத்துக் கலந்திருக்கும், தனியாக எடுக்க முடியாது. முட்டை சேர்க்காதவர்கள் புதிதாகப் பிசைந்த பாஸ்டாவைத் தவிர்த்து, காய்ந்த பாஸ்டா கேளுங்கள். ஸ்பகெட்டி, பென்னே போன்றவை பெரும்பாலும் ரவையும் தண்ணீரும் மட்டும்தான்.

இவ்வளவுக்கும் பிறகு என்ன மிஞ்சும் என்கிறீர்களா? ஆல்யோ ஏ ஓல்யோ, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் போட்ட ஸ்பகெட்டி. காரம் வேண்டுமென்றால் மிளகாய் போட்ட அராபியாத்தா. கத்தரிக்காய், காளான், ஆர்ட்டிசோக் போட்ட பீட்சா. என்னைக் கேட்டால், நல்ல உணவகமா என்று பார்க்க ஆல்யோ ஏ ஓல்யோதான் சரியான சோதனை. மறைத்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை.

6. சாப்பிடும் விதம்

ஸ்பகெட்டியைக் கத்தியால் வெட்ட வேண்டாம். மூன்று நாலு இழையை மட்டும் முள்கரண்டியில் பிடித்து, தட்டின் ஓரத்துக்கு இழுத்து, நுனியைத் தட்டில் ஊன்றிச் சுற்றுங்கள். நிறைய அள்ளினால் பெரிய உருண்டையாகிவிடும். பாஸ்டா நடுவில் லேசாகக் கடிபட்டால் வேகவில்லை என்று நினைக்காதீர்கள், அதுதான் பதம். ஆயா, தாத்தாவுக்குக் கடிக்கக் கஷ்டம் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே கொஞ்சம் குழைவாகக் கேட்கலாம், அல்லது நியோக்கி எடுக்கலாம். உருளைக்கிழங்கில் செய்தது, மெத்தென்று இருக்கும்.

நறுக்கிய மிளகாயும் பூண்டும் பல இடங்களில் கேட்டால் சின்னக் கிண்ணத்தில் வரும். டர்பன்காரர்களுக்கு அது இல்லாமல் முடியாது, எனக்கும்தான். ஆனாலும் முதல் இரண்டு வாயை அப்படியே சாப்பிட்டுவிட்டு அப்புறம் போடுங்கள். தக்காளியின் புளிப்பும் எண்ணெயின் வாசனையும் மிளகாய் சேர்வதற்கு முன்புதான் பிடிபடும்.

7. இனிப்பு

பன்னா கோட்டாவில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. திராமிசுவில் பச்சை முட்டையும், பல இடங்களில் மதுவும் சேரும். பழச் சார்பெட் பெரும்பாலும் பயமில்லாதது. முட்டை இல்லாத ஐஸ்கிரீம் கிடைத்தால் அதன்மேல் சூடான எஸ்பிரெஸ்ஸோ ஊற்றித்தரும் அஃபொகாட்டோ கேளுங்கள்.

8. பில்

மெனுவில் போட்டிருக்கும் விலையில் 15 சதவீத வாட் வரி அடக்கம். டிப் தனி. வழக்கம் 10 முதல் 15 சதவீதம். ஆனால் எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்ட கூட்டத்துக்குப் பல உணவகங்கள் சர்வீஸ் கட்டணத்தைத் தாங்களே பில்லில் சேர்த்துவிடும். நம் குடும்பங்கள் அதைவிடச் சின்னதாக வருவது அபூர்வம் என்பதால் கடைசி வரியைப் பார்த்துவிட்டுத்தான் டிப் எழுத வேண்டும். கார்டில் கட்டுவதாக இருந்தால் மெஷினில் தொகையை அடிக்கும் முன்பே, டிப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று சொல்லுங்கள். உங்களுக்காகச் சமையலறைக்கு நடையாய் நடந்தவருக்கு 15 சதவீதம் கொடுங்கள். வெளியே காரைப் பார்த்துக்கொண்ட காவலாளிக்குச் சில்லறை தனியாக எடுத்து வையுங்கள்.

மீந்ததைக் கட்டித்தரச் சொல்வதில் தப்பே இல்லை. ரிசோட்டோ மட்டும் மறுநாள் இறுகிவிடும், அதை அங்கேயே முடித்துவிடுங்கள். பீட்சாவைத் தங்கும் இடத்தில் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் எண்ணெய் விடாமல் வாணலியில் மூடிபோட்டு, சிறுதீயில் சில நிமிடம் சூடாக்கினால் அடி மொறுமொறுவென்று வரும்.