மட்டியை அளந்து, நிறுத்து, ஆணா பெண்ணா என்று பார்ப்பது எப்படி?

மதுரையில் உட்கார்ந்துகொண்டு கழிமுகத்தில், அதாவது ஆறு கடலில் சேரும் இடத்தில், வாழும் மட்டி என்ற இரட்டை ஓட்டுச் சிப்பியைப் பற்றி எழுதுவது வேடிக்கைதான். வைகைத் தண்ணீரே பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்டுக்காக இதைக் கேட்கிறார்கள். சரி, ஆரம்பிப்போம்.

முதல் படி: சேகரிப்பு

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். சந்தையில் கிலோ கணக்கில் வாங்கி வந்து அளக்காதீர்கள். சமையலுக்குப் பொறுக்குகிறவர்கள் பொடிசை விட்டுவிடுவார்கள். அந்தக் கணக்கைப் பார்த்தால் கழிமுகத்தில் குஞ்சே இல்லாததுபோல் தெரியும். நீர் வற்றும் நேரத்தில் போங்கள். 25 செ.மீ. பக்கமுள்ள கம்பிச் சட்டத்தைப் பார்க்காமல் வீசி, அதற்குள் இருக்கும் மண்ணைத் தோண்டிச் சல்லடையில் அலசுங்கள். சுண்டுவிரல் நகம் அளவுள்ளதையும் விடக்கூடாது. இதையே பல இடங்களில் செய்யுங்கள்.

ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவரலாம். கூடவே ஒரு பாட்டில் கழிமுகத் தண்ணீரும் வேண்டும்.

இரண்டாவது படி: அளவு

இரண்டு ஓடுகளும் இணையும் மூட்டு மேலே இருக்கும்படி பிடியுங்கள். பக்கவாட்டில் மிக நீண்ட தூரம் நீளம். மூட்டு மேட்டிலிருந்து கீழ் விளிம்புவரை உயரம். மூடிய இரண்டு ஓடுகளையும் சேர்த்துப் பிடித்தால் தடிமன். வெர்னியர் காலிபர் போதும்.

மூன்றாவது படி: எடை

தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி 0.01 கிராம் காட்டும் தராசு நல்லது. முதல் தடவை நான் முழு மட்டியை மட்டும் நிறுத்துவிட்டு விழித்தேன். ஒரே நீளம், ஆனால் எடை வேறு வேறு. ஓட்டுக்குள் தேங்கிய தண்ணீர் செய்த வேலை அது. ஆகவே முழு எடையோடு நிறுத்திவிடாமல், திறந்து, சதையை மைஒற்றுத்தாளில் ஒற்றி, சதையையும் ஓட்டையும் தனித்தனியாக நிறுங்கள்.

நீளம், எடை இரண்டுக்கும் லாக் (மடக்கை) எடுத்து வரைபடம் போடுங்கள். கோட்டின் சாய்வு 3-ஐ ஒட்டி இருந்தால் மட்டி வடிவம் மாறாமல் வளர்கிறது. அதாவது நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு.

நான்காவது படி: ஆணா, பெண்ணா?

ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. இனப்பெருக்கச் சுரப்பியில் ஊசியால் துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பாருங்கள். உருண்டை உருண்டையாக முட்டை தெரிந்தால் பெண்; பொடிப்பொடியாக விந்தணுக்கள் துடித்தால் ஆண். பாட்டில் தண்ணீர் இப்போதுதான் உதவும். குழாய்த் தண்ணீர் விட்டால் உப்பு வித்தியாசத்தில் செல்கள் ஊதி வெடித்துவிடும்.

ஐந்தாவது படி: விகிதம்

100 மட்டியில் 58 பெண், 42 ஆண் என்று வைத்துக்கொள்வோம். பெண் அதிகம் என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். எதிர்பார்ப்பு 50, 50. வித்தியாசம் 8, அதன் வர்க்கம் 64-ஐ 50-ஆல் வகுத்து, இரு பக்கமும் கூட்டினால் 2.56. இந்தக் கணக்குக்குக் கை-வர்க்கச் சோதனை (chi-square test) என்று பெயர்; வித்தியாசம் வெறும் தற்செயலா என்று பார்ப்பது. அதில் 5 சதவீத மட்டத்துக்கு 3.84-ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை, ஆகவே 1:1 என்பதை மறுக்க முடியாது. 60, 40 என்றால் 4 வரும், அது தாண்டிவிடும்.

முட்டையையோ விந்தையோ வெளியேற்றி முடித்த மட்டியிலும் குஞ்சிலும் எதுவுமே தெரியாது. அவற்றுக்கு 'தெரியவில்லை' என்று தனிக் கட்டம் போட்டு, விகிதத்தில் சேர்க்காமல் விடுங்கள். ஊகித்து எந்தப் பக்கமும் தள்ளாதீர்கள்.