பஸ் போர்டை வைத்தே ‘இல்’ சேர்க்கப் பழக்கலாம்

இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ‘மார்த்தாண்டமில்’, ‘கொல்லங்கோடில்’ என்று எழுதுவதுண்டு. அதே பிள்ளையிடம் “மாமா எங்க இருக்கா?” என்று கேளுங்கள். ‘மார்த்தாண்டத்துல’ என்று பட்டென்று பதில் வரும். வாய்க்குத் தெரிந்தது கைக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அதனால் விதியை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். முதலில் சொல்லட்டும், அப்புறம் எழுதட்டும். குமரி மாவட்டத்தில் இதற்கு வேண்டிய சொற்களெல்லாம் பஸ் போர்டிலேயே இருக்கின்றன.

படி 1: மாறாத ஊர்கள். குளச்சல், இரணியல். ல் மேல் இ ஏறி ‘லி’ ஆகும்: குளச்சலில், இரணியலில். ‘குளச்சல்லில்’ என்று எழுதினால், மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். தானே திருத்திக்கொள்ளும்.

படி 2: ம் போய் த்து வரும். நீளமான அட்டையில் ‘மார்த்தாண்டம்’ என்று எழுதி, கடைசி ‘ம்’ மட்டும் பின்பக்கம் மடியும்படி கோடு போடுங்கள். ‘த்தில்’ என்று தனியாக ஒரு துண்டு வேண்டும். பிள்ளையே ம்-ஐ மடித்து, அந்த இடத்தில் துண்டை வைக்கட்டும்: மார்த்தாண்டத்தில். குலசேகரம், முட்டம், சுசீந்திரம் எல்லாம் இப்படியே. ம் மறைவதைத் தன் கையால் செய்த பிள்ளைக்கு ‘முட்டமில்’ என்று எழுத மனம் வராது.

படி 3: ய், வ். இ, ஈ, ஐ-யில் முடிந்தால் நடுவில் ய் வரும்: கன்னியாகுமரியில், தக்கலையில், தோவாளையில். ஆ, ஊ போன்றவற்றில் முடிந்தால் வ் வரும்: நிலாவில், பூவில். நம் வீட்டுச் சக்கையை (பலாவை நம்மூரில் அப்படித்தான் சொல்வோம்) வைத்தே இரண்டையும் காட்டிவிடலாம். சக்கை என்றால் சக்கையில், பலா என்றால் பலாவில்.

படி 4: டு, று. இங்கே அவசரப்படாதீர்கள், பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இதில்தான். கொல்லங்கோடு கொல்லங்கோட்டில் ஆகும், மண்டைக்காடு மண்டைக்காட்டில் ஆகும். கடைசி உ போய், ட் இரட்டிக்கும். திருவட்டாறு திருவட்டாற்றில் ஆகும்போது ற் இரட்டிக்கும். பேச்சில் ‘ஆத்துல’ என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு இங்கே காது உதவாது, கண்தான் உதவ வேண்டும். ‘ற்’றைச் சிவப்புப் பென்சிலால் எழுதிக் காட்டுங்கள். ஆறு, வள்ளியாறு, கிணறு மூன்றையும் சேர்த்தே எழுத வையுங்கள்: ஆற்றில், வள்ளியாற்றில், கிணற்றில்.

டு-வுக்கு முன் புள்ளி வைத்த எழுத்து இருந்தால் இரட்டிக்காது. நண்டு ‘நண்டில்’தான், தட்டு ‘தட்டில்’தான். பசு, கொசு போல இரண்டே குறில் உள்ள சொல்லில் உ போகாது. வ் வந்து பசுவில், கொசுவில் ஆகும். இதை முதல் நாளே சொல்லிக் குழப்ப வேண்டாம், கேள்வி வரும்போது போதும்.

படி 5: குட்டிச் சொற்கள். ஒரு குறில், ஒரு புள்ளி எழுத்து, அவ்வளவுதான் என்றால் புள்ளி எழுத்து இரட்டிக்கும்: கல்லில், மண்ணில், நெல்லில். நெடில் வந்தால் கிடையாது: காலில், மீனில். ‘கல், கால்’ என்று ஜோடியாகக் கொடுத்தால் வித்தியாசம் சட்டென்று பிடிபடும்.

‘இல்’ கைக்கு வந்தபின் அதே அட்டைகளில் ‘ஐ’ சேர்க்கச் சொல்லுங்கள்: முட்டத்தை, மண்டைக்காட்டை, தக்கலையை. அதற்கப்புறம் ‘உக்கு’. பஸ்ஸில் போகும்போது பிள்ளை போர்டைப் பார்த்து, “இது மார்த்தாண்டத்துக்குப் போகும்” என்று முழு வாக்கியமாகச் சொல்லட்டும். வீட்டுக்கு வந்ததும் அதையே நோட்டில் எழுதட்டும்.